எண்ணெய் தேய்த்துக் குளித்த சைக்கிள் சீட்

ரங்கூனுக்குத் தேக்கு வாங்கப் போகிறவர்கள் உண்டு, அரிசி வாங்கப் போகிறவர்கள் உண்டு, ஷ்வேடகோன் கோபுரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வரலாம் என்று போகிறவர்களும் உண்டு. நான் போனது ஒரு மனிதருக்குக் கோபம் வருவதைப் பார்க்க.

என் தங்கை செண்பகத்துக்கு ரங்கூனிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையன் பெயர் நடராசன். அங்கே பசுந்தாங் வட்டாரத்து அரிசி ஆலைகளுக்குப் போய், மூட்டைகளில் குத்தூசியைச் செருகி மாதிரி எடுத்து, கம்பெனிக்குக் கொண்டு சேர்க்கிற உத்தியோகம். "தங்கமான பையன், கோபம்னா என்னன்னே தெரியாது" என்றார் தரகர். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். செண்பகம் மட்டும் என்னைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டாள்.

"அத்தானைப் பத்தியும் இதையேதான் சொன்னாங்க, அண்ணே."

அத்தான் என்றால் எங்கள் அக்காவின் கணவர். வெளியே பரம சாது. வீட்டில் குழம்பில் உப்பு ஒரு கல் கூடினால் தட்டு பறக்கும். அக்கா வீட்டுப் பித்தளைத் தட்டுகளில் நெளியாத ஒன்றை நான் பார்த்ததில்லை. அக்கா அதைப் பற்றி வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை.

"அவருக்குக் கோபம் வந்தா என்ன செய்யறார்னு பாத்துட்டு வா. சம்பளம், வீடு வாசல் எல்லாம் அம்மா கேட்டுக்கட்டும். எனக்கு இது ஒண்ணுதான் தெரியணும்" என்றாள் செண்பகம். சரி என்று தலையை ஆட்டினேன். ஒரு மனிதருக்குக் கோபம் மூட்டுவது அத்தனை சிரமம் என்று அப்போது தெரியாது.

அம்மா தன் பங்குக்கு ஒரு சுருக்குப்பை கொடுத்தாள். உள்ளே கோயிலில் வைத்துக் கும்பிட்ட கொட்டைப்பாக்குகளும் ஒரு விரலி மஞ்சளும். பையனைப் பிடித்திருந்தால் அங்கேயே வெற்றிலை வாங்கி, இதை அதன்மேல் வைத்துக் கையில் கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. பிடிக்காவிட்டால் வாயைத் திறக்காமல் பையோடு திரும்பிவிட வேண்டும். "இடுப்பை விட்டு எடுக்காதே. அந்தப் பையன் கண்ணில பட்டுடப் போகுது. பாக்கைப் பாத்தா முடிஞ்சு போச்சுன்னு நினைச்சுக்கும்" என்றாள் அம்மா.

ஆகவே தங்கையின் கேள்வி தலையிலும் அம்மாவின் பை இடுப்பிலுமாகக் கப்பலை விட்டு இறங்கினேன்.

நடராசன் துறைக்கே வந்திருந்தார். மாநிறம், ஒல்லி, முழங்கால் வரை காக்கி நிக்கர், தலையில் வெயிலுக்கு ஒரு சோலா தொப்பி. என் பெட்டியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "வாங்க சார், பிரயாணம் எல்லாம் சௌகரியந்தானே?" என்றார்.

அந்த 'சார்' எனக்குப் பிடித்திருந்தது. அவர் நிலைமையில் வேறு என்ன சொல்ல முடியும்? அண்ணே என்றால் என் தங்கை அவருக்கும் தங்கையாகிவிடுவாள், கல்யாணம் அங்கேயே நின்றுவிடும். மச்சான் என்றால் பாக்கு மாற்றாமலே சம்பந்தம் பேசியதாகிவிடும். சார் என்றால் யாருக்கும் பழுதில்லை. நானும் பதிலுக்கு "மிஸ்டர் நடராசன்" என்று ஆரம்பித்தேன். இரண்டு பேரும் கோர்ட்டில் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் மாதிரி மரியாதையாக டிராம் ஏறினோம்.

ரங்கூன் தெருக்கள் கயிறு பிடித்துப் போட்டவை. நம்மூர்த் தெரு மாதிரி ஒரு வேப்பமரத்துக்காக ஒதுங்கி, ஒரு பிள்ளையாருக்காக வளைந்து போகிற பழக்கமெல்லாம் இல்லை. டிராமில் என் பக்கத்தில் உட்கார்ந்த பர்மியப் பெண்மணி கரும்புத் துண்டு பருமனில் ஒரு சுருட்டைப் பற்ற வைத்தாள். எதிரே அவள் கணவர் குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். இதை ஊரில் சொன்னால் எவரும் நம்பமாட்டார்கள் என்று நினைத்தேன். நம்பவில்லைதான்.

நடராசன் குடியிருந்தது பசுந்தாங்கில் ஒரு மரவீட்டின் மாடி அறை. ஜன்னலைத் திறந்தால் கால்வாய். அறுவடை நெல் வந்து இறங்குகிற காலமாதலால் படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. ஆலைப் புகைபோக்கிகள் உமி எரிந்த சாம்பலை ஊர் முழுக்கத் தூவின. காயப்போட்ட வேட்டி சாயங்காலத்துக்குள் திருநீறு பூசிக்கொள்ளும்.

மறுநாளே என் வேலையைத் தொடங்கினேன். காலையில் கிளம்புகிற நேரத்தில் வேண்டுமென்றே ஜபமும் தியானமுமாக உட்கார்ந்து அவரைக் காக்க வைத்தேன். எனக்கும் தியானத்துக்கும் அதற்கு முன்னும் பின்னும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அவர் வாசற்படியில் உட்கார்ந்து சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "நிதானமா வாங்க சார்" என்றார். மத்தியானம் அவர் கையால் வைத்த மீன்குழம்பை வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தேன்.

"என்ன சார், நல்லால்லையா?"

"எங்க அம்மா வைக்கிற மாதிரி இல்லை."

"அது எப்படி சார் இருக்கும்?" என்று சிரித்துவிட்டு, என் தட்டில் இன்னொரு துண்டு போட்டார்.

உண்மையில் குழம்பு அமிர்தமாக இருந்தது. வயிறு முட்டத் தின்றுவிட்டுக் குறை சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. ரங்கூனைத் திட்டிப் பார்த்தேன், ஆமாம் என்றார். எங்கள் ஊர் நாகப்பட்டினத்தைப் புகழ்ந்தேன், அதற்கும் ஆமாம் என்றார். இந்த மனிதருக்குக் கோபம் வரவழைப்பதற்குள் என் கோபம் வெளியே வந்துவிடும் போலிருந்தது.

தெருமுனையில் ஒரு பர்மியக் கிழவர் காலையில் மொஹிங்கா விற்பார். அரிசிச் சேவையின்மேல் மீன்சாறு ஊற்றி, வாழைத்தண்டு நறுக்கிப் போட்டு, மேலே பொரித்த பருப்பு தூவித் தருவார். முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பிட்டேன். மூன்றாம் நாள் அவர் கடை திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். கிழவர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். என்னவென்று நடராசனைக் கேட்டேன். "'இந்தக் கலா மீன் வாசனைன்னு ஓடினான், இப்ப பானையைக் கழுவ விடமாட்டேங்கிறான்'னு சொல்றார் சார்" என்றார், ஒளிக்காமல். கலா என்றால் நம்மைப் போன்ற அந்நியர்கள்.

இப்படியாக அவரோடு ஊர் சுற்றியதில்தான் சைக்கிள் விஷயம் வந்தது. நடராசன் தன் சிநேகிதர் ஒருவரிடம் இன்னொரு சைக்கிளை இரவல் வாங்கி வந்தார். அதற்குப் பிரேக் சரியில்லை. "விருந்தாளியை அதில ஏத்தறது தப்பு" என்று தன்னுடைய சைக்கிளை எனக்குக் கொடுத்து, பிரேக் இல்லாததில் அவர் ஏறிக்கொண்டார்.

அவருடைய சைக்கிளில் மற்றதெல்லாம் சாதாரணம். சீட் மட்டும் விசேஷம். அசல் தோல் சீட். மழையிலும் வெயிலிலும் வருஷக்கணக்காக அவர் ஒருவரே உட்கார்ந்து உட்கார்ந்து, அவருக்கென்றே அச்சு வார்த்த மாதிரி பள்ளம் விழுந்திருந்தது. கறுத்து, பளபளத்து, தட்டினால் மேளம் மாதிரிச் சத்தம் வரும். "நாள் பூரா இதுமேலதான் சார் பிழைப்பு. வேற எந்த சீட்டா இருந்தாலும் நான் ஆலை ஆலையாச் சுத்த முடியாது" என்று ஒரு துணியால் அதைத் துடைத்துக் கொடுத்தார்.

நான் வேட்டிக்காரன். தார் பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஏறினேன். ராஜ ஏரியைச் சுற்றி வருவதற்குள் உயிர் போய்விட்டது. அந்த சீட் அம்மிக்கல் மாதிரி இருந்தது. அதுவும் பின்பக்கம் ஒரே இடத்தில் குத்து குத்தென்று குத்தியது. வலியில் நெளிந்து உட்காரப் போய், முன்சக்கரம் டிராம் தண்டவாளத்தில் இறங்கி மாட்டிக்கொண்டது. பம்பிளிமாஸ் பழக் கூடைகளுக்கு நடுவே போய் விழுந்தேன். பழக்காரி கோபித்துக்கொள்ளவில்லை. விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ஒரு பழத்தை உரித்துச் சுளையை என் கையில் கொடுத்தாள். இந்த ஊரில் யாருக்குமே கோபம் வராதா என்று எனக்குச் சலிப்பாகிவிட்டது.

"ரொம்ப வலிக்குதா சார்?" என்று நடராசன் கேட்டார்.

"உங்க சீட் கல்லு மாதிரி இருக்கு, மிஸ்டர் நடராசன்."

அவர் முகம் கொஞ்சம் வாடியது. "உங்களுக்குப் பழக்கமில்லை, அதான்" என்றார்.

சனிக்கிழமை அவர் நெல் பார்க்கப் படகில் த்வாண்டே என்ற ஊருக்குப் போனார். சாயங்காலம் வருவதாகச் சொல்லி, சைக்கிளை என் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனார். சனிக்கிழமையாயிற்றே, நான் எண்ணெய் தேய்த்துக் குளிக்க உட்கார்ந்தேன். அம்மா அவருக்கென்று கொடுத்தனுப்பிய செக்கு நல்லெண்ணெய் ஒரு சீசா இருந்தது. அதில் கொஞ்சம் எடுத்து, மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சி, உச்சியில் வைத்துத் தேய்த்தேன். கப்பலில் பிடித்த இடுப்பு இளகியது. முழங்கால் மூட்டு இளகியது. உடம்பெல்லாம் இளகிச் சுகமாக உட்கார்ந்திருந்தபோது, மாடிப்படி ஓரத்தில் சாத்தியிருந்த சைக்கிள் கண்ணில் பட்டது.

பாவம், எத்தனை வருஷமாக வெயிலில் காய்ந்து விறைத்துப் போயிருக்கிறது அந்தத் தோல்! என் கட்டை உடம்பையே இளக்குகிற எண்ணெய் அதை இளக்காதா? அதை மெத்தென்று ஆக்கி வைத்தால் நடராசனுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும்! சத்தியமாக நல்ல எண்ணந்தான்.

சீட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். குழந்தைக்குத் தேய்க்கிற மாதிரி மேலும் கீழும் எண்ணெய் தேய்த்தேன். குடித்தது. மறுபடி தேய்த்தேன், மறுபடியும் குடித்தது. சீசாவில் பாதி காலியான பிறகுதான் அதன் தாகம் அடங்கியது. நன்றாக ஊற விட்டேன். எண்ணெய் தேய்த்தபின் குளிப்பாட்டாமல் விடுவதா? பிசுக்குப் போகச் சீயக்காய் போட்டு, எனக்கு வைத்திருந்த வெந்நீரையே அதற்கும் ஊற்றி அலசினேன். அப்புறம் ஜலதோஷம் பிடிக்காதிருக்க வெயிலில் வைத்தேன்.

நான் குளித்து, தலை துவட்டி, ஒரு தூக்கம் போட்டு எழுந்து பார்த்தபோது, ஊறிய அப்பளத்தை வெயிலில் போட்ட மாதிரிக் கிடந்தது சீட். ஓரம் சுருங்கி, நடுவில் தூளி மாதிரித் தொய்ந்து, மூக்கு மட்டும் மேலே தூக்கிக்கொண்டிருந்தது. ஆணி அடித்திருந்த ஓர் இடத்தில் தோல் பிளந்தும்விட்டது. இழுத்துப் பார்த்தேன், அழுத்திப் பார்த்தேன்.

நடராசன் சாயங்காலம் வந்தார். கையில் ஒரு ஜாடி. த்வாண்டே மண்ணில் செய்து பழுப்பு மெருகு போட்ட ஊறுகாய் ஜாடி. "உங்க அம்மாவுக்கு சார்" என்று சொல்லிக்கொண்டே படியேறியவர், சீட்டைப் பார்த்து நின்றுவிட்டார்.

நான் தொண்டையைக் கனைத்தேன். "கொஞ்சம் எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டினேன்" என்றேன்.

அவர் முகம் கறுத்தது. காது மடல் சிவந்தது. ஜாடியைப் பிடித்திருந்த விரல்கள் இறுகி வெளுத்தன. எனக்கு அக்கா வீட்டுக் கூடம் ஞாபகம் வந்தது. ஜாடி பறக்கப் போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன். அக்காவும் இப்படித்தான் குனிவாள், பார்த்திருக்கிறேன்.

ஒன்றும் பறக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவர் குனிந்து ஜாடியைச் சுவரோரமாக வைத்துக்கொண்டிருந்தார். தரை சமமில்லாமல் அது ஆடியது. கொஞ்சம் நகர்த்தி, ஆடாமல் நிற்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"சார், எனக்கு ரொம்பக் கோபமா இருக்கு. இப்ப வாயைத் திறந்தா ஏதாவது தப்பாப் பேசிடுவேன். கொஞ்சம் என்கிட்டப் பேசாம இருங்க" என்றார்.

வாளியோடு கீழே இறங்கிப் போனார். துவைக்கிற கல்லில் துணி அறைபடுகிற சத்தம் தெருவுக்கே கேட்டது. அன்று அவர் துவைத்த துணிகளில் என் வேட்டியும் ஒன்று. திரும்பி வந்து சமைத்தார். என் தட்டில் சோறு போட்டார். என் முகத்தைப் பார்க்காமலே, போதுமா என்று கேட்காமலே, வழியாமல் மோர் ஊற்றினார்.

ஆனால் அந்த நேரத்தில் எனக்கு இதெல்லாம் மண்டையில் ஏறவில்லை. தங்கையின் வாழ்க்கையை ஒரு சீசா நல்லெண்ணெயில் கவிழ்த்துவிட்டேன் என்று மட்டுமே தோன்றியது. இனி இவராவது நம் வீட்டுப் பெண்ணைக் கட்டுவதாவது! தட்டைக் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான், எதைப் பார்க்கக் கப்பல் ஏறினேனோ அதைப் பார்த்தாயிற்று என்பது உறைத்தது. ஆனாலும் பாதிதான் பார்த்திருந்தேன். கோபம் வந்தது தெரிந்தது. எப்படிப் போகும் என்பது தெரியவில்லை. அத்தானுக்குத் தட்டு எறிந்து முடிந்தபின் வாரக்கணக்கில் பேச்சு நிற்கும். அக்காவுக்குத் தட்டைவிட அதுதான் பெரிய தண்டனை.

திங்கட்கிழமை நடராசன் சீட்டுக் கம்பியின்மேல் சாக்கு மடித்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். மாலையில் காலை அகட்டி அகட்டி நடந்து வந்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

"வாங்க, புது சீட் வாங்கலாம். என் செலவு. பேசக் கூடாது" என்றேன்.

"பேசலையே" என்றார். நான்கு எழுத்துப் பேச்சுக்கு மேல் எனக்கு அப்போது ஒதுக்கீடு இல்லை.

முதலில் போனது வெள்ளைக்காரர் சாமான்கள் விற்கிற ஒரு பெரிய கடை. அங்கே வில்லும் சுருளும் வைத்து, சோபா மாதிரி ஒரு சீட் காட்டினார்கள். கையால் அமுக்கினால் உள்ளே போய்விட்டு மேலே வந்தது. நான் சொக்கிப் போனேன். நடராசன் அதைத் தன் சைக்கிளில் பூட்டச் சொல்லி, தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். "மிதிக்கிற பலமெல்லாம் வில்லுக்குள்ளயே போயிடுது. குதிக்கத்தான் செய்யுது, நகரலை" என்று கடைக்காரரிடம் சொன்னார். என்னிடம் இல்லை. நானும் ஏறிப் பார்த்தேன். பின்பக்கம், அதே இடத்தில், குத்தியது.

அடுத்தது மொகல் தெருவில் ஒரு மரைக்காயர் கடை. நாகூர்க்காரர். பெட்டி பெட்டியாகச் சைக்கிள் சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஊர்ப் பேச்சு கேட்டதும் எங்களுக்கும் தேநீர் வந்தது.

"இந்தா தம்பி, அகல சீட். சும்மா தலையணை கணக்கா இருக்கும். ஆனா ஒண்ணு சொல்லிப்புடறேன். உக்காரயில சொகமாத்தான் இருக்கும். தாமுவே சந்தைக்குப் போய்ச் சேரயில தொடை ரெண்டும் உரசித் தோலு கழண்டுபோவும். கடையில பார்த்து சீட்டு எடுக்கிறவன் வூட்டுல போய் அளுவான்."

"விக்கிறவரே இப்படிச் சொல்லலாமா பாய்?" என்றேன்.

"நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் நாளைக்கு நடக்க மாட்டாம வந்து என்னை ஏசுறதுக்கு, இன்னிக்கே சொல்றது தேவலை."

அகலமானதில் ஏறினேன், குத்தியது. ஒடுக்கமானதில் ஏறினேன், குத்தியது. கம்பளி வைத்துத் தைத்தது ஒன்றிருந்தது, அதிலும் குத்தியது. நடராசன் முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தார்.

"எல்லா சீட்டும் ஒரே இடத்துலயா குத்துது?"

"ஆமாம்" என்றேன். எனக்கே வியப்பாகத்தான் இருந்தது. என் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று கவலைப்பட ஆரம்பித்தேன்.

மறுநாள் மாலை தாமுவே சந்தைக்குப் போனோம். அங்கே மா கின் என்ற பர்மியப் பெண்மணி சைக்கிள் சாமான் கடை வைத்திருந்தாள். டயர்களை மாலை மாதிரித் தொங்கவிட்டு நடுவில் அவள், வாயில் சுருட்டு. நடராசனை நன்றாகத் தெரிந்திருந்தது. "கோ ராஜா" என்று கூப்பிட்டாள். பர்மிய மரியாதையும் தமிழ்ப் பெயரின் வாலும் சேர்ந்து அவர் அங்கே ராஜாவாகியிருந்தார்.

சீட்டுக்கு நேர்ந்த கதியை அவர் பர்மிய மொழியில் சொன்னார். சீயக்காய்க் கட்டம் வந்தபோது மா கின் சுருட்டை வாயிலிருந்து எடுத்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஒரு தோல் சீட்டைச் சைக்கிளில் மாட்டச் சொல்லி, சைக்கிளைத் தானே பிடித்துக்கொண்டு என்னை ஏறச் சொன்னாள்.

ஏறினேன். "ஆ!" என்று துள்ளினேன். துள்ளியதில் வேட்டிக்குள் ஏதோ படீரென்று அறுந்தது.

அம்மாவின் சுருக்குப்பை! நடராசன் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று முன்பக்கம் வைக்காமல், அரைஞாண் கயிற்றில் கட்டி, பின்பக்கமாகத் தாருக்குள் தள்ளிச் செருகியிருந்தேன். குளித்து வேட்டி மாற்றும்போதெல்லாம் கை தானாகச் செருகிவிடும், அது அங்கே இருப்பதையே மறந்து போனேன். இத்தனை நாளும் சீட்டுக்கும் எனக்கும் நடுவே அகப்பட்டு நைந்திருந்த பை இப்போது கிழிந்தது. கொட்டைப்பாக்குகள் என் கால் வழியாக ஒவ்வொன்றாக விழுந்து, சந்தைத் தரையில் உருண்டன.

சந்தையே நின்று பார்த்தது. மா கின் ஒரு பாக்கைப் பொறுக்கி, விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு உரக்க ஏதோ சொன்னாள். சுற்றிலும் கொல்லென்று சிரிப்பு. எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இருந்தாலும் பக்கத்துக் கடைத் தமிழர் ஒருவர் உபகாரமாக எடுத்துச் சொன்னார்: "'பாக்கு மேல உக்காந்துக்கிட்டு சீட்டுமேலயா பழி போடறே'ன்னு கேக்குது சார்."

நடராசன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் காலடியில் விரலி மஞ்சள் கிடந்தது. குனிந்து எடுத்தார். மஞ்சளைப் பார்த்தார், பாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோயில் குங்குமம் ஒட்டியிருந்த கொட்டைப்பாக்கையும் மஞ்சளையும் ஒருவன் இடுப்பில் கட்டிக்கொண்டு கடல் தாண்டி வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எந்தத் தமிழனுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர் உதடு துடித்தது. கோபம் திரும்ப வருகிறது என்று நினைத்தேன். வந்தது சிரிப்பு. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார்.

"இதுக்காகவா என் சீட்டைக் குளிப்பாட்டினீங்க, மச்சான்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்தக் கோபம் எப்படி முடியும் என்று பார்த்தாயிற்று.

சந்தையில் வெற்றிலைக்கா பஞ்சம்? பக்கத்துக் கடையிலேயே வாங்கினேன். உருண்டு போன பாக்குகளை மா கின்னும் கடைக்காரர்களுமாகப் பொறுக்கிக் கொடுத்தார்கள். ஊதித் துடைத்து, வெற்றிலைமேல் வைத்து, மஞ்சளையும் வைத்து, கிழக்கு எந்தப் பக்கம் என்று கேட்டு அந்தப் பக்கமாக நின்று, நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "நான் உங்ககிட்ட அத்தனை கோபப்பட்டேனே. அதுக்கப்புறமுமா?"

"அதைப் பாக்கத்தான் வந்தேன்" என்றேன். செண்பகம் கேட்டனுப்பியதைச் சொன்னேன். அக்கா வீட்டுத் தட்டுகளைப் பற்றியும் சொன்னேன். "எனக்குக் கோபம் வரும்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க மச்சான். வராதுன்னு தரகர் சொன்னது பொய்" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

சீட்டும் அங்கேயே எடுத்தோம். பழையதைப் போலவே விறைப்பான, வெறும் தோல் சீட். பையில்லாமல் நானும் ஏறிப் பார்த்தேன். ஒரு குத்தும் இல்லை, ராஜபோகமாக இருந்தது. கிளம்பும்போது மா கின் என்னைக் கூப்பிட்டு, சீட்டைக் காட்டி, விரலை ஆட்டி ஏதோ சொன்னாள். "'இதை யார் வேணா தொடலாம், நீ மட்டும் தொடாதே'ங்கிறா" என்றார் நடராசன். ஒரு மழைக்காலம் போனால் புது சீட் பழகிவிடும் என்றும் சொன்னார். போகும் வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார்.

ஊர் திரும்பினேன். வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். விஷயம் கேட்க அக்காவும் வந்திருந்தாள். நான் த்வாண்டே ஜாடியை நடுவில் வைத்து, எல்லாவற்றையும் ஆதியோடந்தமாகச் சொன்னேன். எண்ணெய்க் குளியலுக்கு அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பாக்கு உருண்ட இடத்தில் செண்பகம் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். அவள் பதில் அதிலேயே தெரிந்தது.

அக்கா சிரிக்கவில்லை. ஜாடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மெதுவாகத் திருப்பித் திருப்பி, விளிம்பில், வயிற்றில், அடியில், எங்காவது கீறலோ விரிசலோ இருக்கிறதா என்று தேடுகிறவள் மாதிரி விரலால் தடவிப் பார்த்தாள்.

"இதுதானா அப்ப அவர் கையில இருந்தது?" என்றாள்.

"இதேதான் அக்கா."

"கீழ வச்சுட்டாரா?"

"வச்சுட்டார்."

அவள் ஜாடியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லுடா" என்றாள்.

சொன்னேன்.